சந்திரமதிக்குத் தெரியாமல் ஓர் ஒலிவ மரம்

சட்டைக்குள் ஒரு போத்தலைச் செருகிக்கொண்டு, ராஜரத்தினம் தம் வீட்டுச் சமையலறையிலேயே திருடனைப் போல நின்றுகொண்டிருந்தார். பின்கட்டில் சந்திரமதி துணி அலசும் சத்தம் கேட்டது. அவள் அலசி முடிப்பதற்குள் போத்தலை எங்காவது ஒளித்துவிட வேண்டும்.

அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். அந்த டின்னை அவள் தினமும் நகர்த்துவாளே என்று தோன்றியது. எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அங்கே அவளுக்குக் கை எட்டாது. ஆனால் வாசலில் நின்றாலே போத்தல் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே அந்த அறைக்குள் வந்து போனவருக்கு, அங்கே ஒரு பொருளை ஒளிக்க இடமே கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலசும் சத்தம் நின்றுவிட்டது.

"என்னங்க தேடுறீங்க?"

"தேடல. வைக்கிறேன்."

"என்னத்த?"

ராஜரத்தினம் யோசித்தார். "கைய," என்றார்.

சந்திரமதி அவர் கையைப் பார்த்தாள். அது ஆட்டுக்கல்லின் குழிக்குள் இருந்தது. போத்தலும் அதற்குள்தான் இருந்தது.

"சரி, வச்சிட்டு வாங்க. நான் துணியக் காயப்போட்டுட்டு வந்து காப்பி போடுறேன்," என்று சொல்லிவிட்டு ஈரத்துணி வாளியோடு போய்விட்டாள்.

அவள் எதையும் பார்க்கவில்லை என்று ராஜரத்தினம் பெருமூச்சு விட்டார்.

மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பேராங்கில், பலகைச் சுவர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சந்தில் அவர்கள் குடியிருந்தார்கள். வீட்டில் இருவர்தான். மலாயாவுக்குச் சுதந்திரம் வரும் மெர்டேக்கா நாளுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. ராஜரத்தினத்துக்கு டவுன் ஆபீஸில் தண்ணீர் இலாகாவில் கணக்கு எழுதும் கிராணி வேலை. சில மாதங்களாகச் சந்திரமதி இளைத்துக்கொண்டே வந்தாள். வயிற்று வலி என்றாள். பிறகு, சொல்லக் கூச்சப்பட்டு, ரத்தம் போவதையும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஏதேதோ பரிசோதனை செய்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் மாணிக்கவாசகம் ராஜரத்தினத்தை மட்டும் தனியாக வரச் சொல்லி அனுப்பினார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"உங்கட மனுசிக்குக் குடலிலை ஒரு கட்டி. புற்றுநோய். வெட்டி எடுக்க வேணும். இரத்தம் குறைவாக் கிடக்கு. அதைக் கொஞ்சம் ஏத்திப்போட்டு, மெர்டேக்கா முடிஞ்ச கையோட செய்வம்."

ராஜரத்தினம் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே எழுந்ததால் நாற்காலியும் கூடவே எழுந்தது. டாக்டர் வந்து, நாற்காலியையும் அவரையும் சேர்த்துக் கீழே உட்கார வைத்தார்.

"அவகிட்ட சொல்லணுமா, டாக்டர்?"

"அது உங்கட விருப்பம்."

"வேணாம். அவ தாங்கமாட்டா. கோழி அறுத்தாலே உள்ள போய்க் கதவச் சாத்திக்குவா. சின்னக் கட்டின்னு மட்டும் சொல்லிக்கிறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டியபின் மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு விசயம்," என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே. "ஒலிவ் எண்டு ஒரு மரம். அதின்ரை காயிலையும் எண்ணெயிலையும் இலையிலையும் இருக்கிற ஏதோ ஒரு சாரம் குடல் கட்டிக்கு உதவுமோ எண்டு எங்கேயோ எலிகளுக்குக் குடுத்துப் பாக்கினமாம். மருந்தெண்டு நான் சொல்லமாட்டன். கெடுதல் இல்லை. கிடைச்சால் தேடி எடுத்துக் குடுங்கோ. ஆனா ஒப்பரேசனைத் தள்ளிப்போட நினைக்கக் கூடாது. விளங்குதோ?"

டாக்டர் சொன்னதில் பாதிக்கு மேல் ராஜரத்தினத்துக்கு விளங்கவில்லை. 'தேடி எடுத்துக் குடுங்கோ' என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

ஒலிவம் என்பதை அவர் வேதப் புத்தகக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாரே தவிரக் கண்ணால் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஒரு சீன மருந்துக் கடைக்குப் போனார். "ஒலிவ் இருக்கா?" என்று மலாயில் கேட்டார். கடை முதலாளியான தவுக்கே தலையை ஆட்டிவிட்டு, கறுத்துச் சுருங்கி உப்புப் பூத்த காய்கள் நிறைந்த போத்தல் ஒன்றை எடுத்து வைத்தான். ஆட்டுக்கல்லுக்குள் போன போத்தல் அதுதான்.

அடுத்த நாள் காலை ராஜரத்தினம் சமையலறைக்குள் நுழைந்து, "இன்னிக்குச் சட்னி நான் அரைக்கிறேன்," என்று அறிவித்தார்.

சந்திரமதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "நீங்களா?"

"ஏன், சட்னி என்ன பெரிய காரியமா?"

பெரிய காரியமாகத்தான் இருந்தது. கொட்டை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அம்மிக்கல் கடகடவென்று சத்தம் போட்டது. ஒரு கொட்டை தெறித்துப்போய் சாமி படத்தின் கண்ணாடியில் பட்டது. கடைசியில், தார் போட்ட ரோட்டின் நிறத்தில் ஒரு சட்னி தட்டுக்கு வந்தது.

சந்திரமதி இட்லியைத் தொட்டு வாயில் வைத்தாள். மென்றாள். தண்ணீர் குடித்தாள். மறுபடியும் தொட்டாள்.

"எப்படி இருக்கு?"

"எலிக்கு வச்சாக்கூட முகர்ந்துட்டுப் போயிடும்," என்றாள்.

ராஜரத்தினத்துக்குப் புரையேறியது. அவள் எழுந்து வந்து தலையில் தட்டினாள். ஆனால் சட்னியை மிச்சம் வைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் அரைத்ததை அரைத்தபடி தின்று, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள்.

"என்னங்க, கபீர் பாய் கடையில அரபுச் சாமான் வந்து எறங்கியிருக்காம். எனக்குக் கொஞ்சம் பேரீச்சம்பழம் வாங்கிட்டு வாங்களேன்," என்று ஒரு மாலை கேட்டாள்.

கபீர் பாய் மூன்று தலைமுறையாக மலாக்கா டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். பேரீச்சம்பழத்தை நிறுத்துக்கொண்டே ஒலிவ் தேடும் கதையை மட்டும் கேட்டவர், தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"கிராணியாரே, நீங்க வாங்குனது சீனன் கானா. அது வேற மரம். உங்க டாக்டர் சொன்னது ஜைத்தூன். அது வேற சீமை, வேற சாதி. பேரு மட்டும்தான் இங்கிலீஷ்காரன் ரெண்டுக்கும் ஒண்ணா வச்சிட்டான்."

"அப்ப இத்தனை நாளா நான் குடுத்தது?"

"ஒண்ணும் ஆவாது. தாகம்தான் எடுக்கும்."

பேரீச்சம்பழ மூட்டைக்குப் பின்னாலிருந்து கபீர் பாய் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்தார். கட்டைவிரல் உயரம் இருந்தது. "இதுதான் ஜைத்தூன் எண்ணெய். புள்ளைங்களுக்குக் காதுல ஊத்த வாங்கிட்டுப் போவாங்க."

ராஜரத்தினம் கடையில் இருந்த குப்பிகள் எல்லாவற்றையும் வாங்கினார். வீட்டுக்கு வந்து, சந்திரமதி இல்லாத நேரம் பார்த்து, நல்லெண்ணெய் ஜாடியைக் காலி செய்துவிட்டு அதில் இந்த எண்ணெயை ஊற்றி வைத்தார். எதை எங்கே ஒளிப்பது என்ற கவலை இனி இல்லை. அவளே தன் கையால் சமைத்துத் தின்றுவிடுவாள். இவ்வளவு புத்தி தமக்கு இருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தபோது சந்திரமதி தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமி படத்தின் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஜாடியில இருந்த எண்ணெயா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமா. மிச்சத்த விஜயா முறுக்குச் சுட வாங்கிட்டுப் போனா. விளக்கப் பாருங்க, இன்னிக்கு எவ்வளவு நிதானமா எரியுது."

மருந்து முழுவதும் கடவுளுக்கும் கூந்தலுக்கும் பக்கத்து வீட்டு முறுக்குக்கும் போய்விட்டது. ராஜரத்தினம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் கபீர் பாய் கடைக்கு நடந்தார்.

"ஒரே வாரத்துல இத்தனை காதா உங்க வீட்ல?" என்றார் கபீர் பாய். ஆனால் பினாங்கிலிருந்து ஒரு டின் வரவழைத்துக் கொடுத்தார்.

இந்தத் தடவை ராஜரத்தினம் யாரையும் நம்பத் தயாராயில்லை. "இனிமே தோசை நான்தான் சுடுவேன். நீ உக்காந்துக்க," என்றார். சந்திரமதி மறுக்கவில்லை. மணையைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மாவ நடுவுல ஊத்துங்க. ஓரத்துல இல்ல."

"தெரியும்."

"எண்ணெய் போதும்."

"கொஞ்சம் கூட இருக்கட்டும்."

"இப்ப திருப்புங்க. இப்ப. சரி, விடுங்க, அது அடுத்த தோசை."

தோசைகள் மலாயா தேசப் படம்போலவும் சுமத்ரா போலவும் வந்தன. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் தோட்டத்து வீட்டில் அண்ணன்மாரோடு சண்டை போட்டது, முதன்முதலில் அவரைப் பார்த்தபோது சட்டைப் பொத்தானை அவர் மாற்றிப் போட்டிருந்தது எல்லாம் அந்த அடுப்படியில்தான் வெளிவந்தன. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாதவை. பொத்தான் கதையைக் கேட்டு ராஜரத்தினம் சிரித்தார். சிரித்துவிட்டு, புகை கண்ணில் பட்டதுபோலத் துடைத்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரை ஒதுக்குப்புறமாகப் பிடித்தார்.

"எண்ணெய் கிடைச்சிடுச்சு, டாக்டர். இலை எங்க கிடைக்கும்?"

"இலைக்கு நீங்கள் கிரேக்க தேசத்துக்குத்தான் போக வேணும்," என்று டாக்டர் சிரித்தார்.

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது, "பசியில்ல," என்றார். மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தார். சந்திரமதி இரண்டு தடவை வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிளேபாங்ல ஒரு துரை சீமைக்கே திரும்பிப் போறாராம். தோட்டத்துத் தொட்டியெல்லாம் கேக்கிறவங்களுக்குக் குடுக்கிறாராம், விஜயா சொன்னா. ஏதேதோ சீமைச் செடியெல்லாம் இருக்காம். எனக்கு ஒரு ரோஜாத் தொட்டி வாங்கிட்டு வாங்களேன்."

அவள் கேட்டதற்காக எழுந்து போனார்.

துரையின் பங்களாவில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. வராந்தா மூலையில், இடுப்புயரத்துக்கு ஒரு மரம் தொட்டியில் நின்றது. இலைகள் மேலே பச்சையாகவும் அடியில் சாம்பல் பூசியதுபோலவும் இருந்தன. ராஜரத்தினம் பெயரைக் கேட்டார். துரை 'ஒலிவ்' என்றதும் அவர் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இது ஒரு காய்கூடக் காய்த்ததில்லை," என்று துரை ஆங்கிலத்தில் எச்சரித்தார். "இந்த ஊர்ச் சூடு இதற்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் நான்தான் போக வேண்டியிருக்கிறது." அவர் தொட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு, மரத்தைப் பேச்சாவில் ஏற்றத் தாமே ஒரு பக்கம் பிடித்தார்.

பேச்சாக்காரன் மிதிக்க, மூன்று சக்கர வண்டி கடலோரச் சாலையில் மெல்ல வந்தது. ராஜரத்தினம் மரத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கிளைகளுக்கு நடுவில் அவர் முகம் தெரிந்தது. டவுனெங்கும் மெர்டேக்காவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணிமேல் நின்ற ஒருவன், "மெர்டேக்காவுக்கா?" என்று கேட்டான். "ஆமா," என்று ராஜரத்தினம் சொல்லி வைத்தார். வீட்டுக்குச் சொல்லவேண்டிய பொய் வழியிலேயே கிடைத்துவிட்டது.

சந்திரமதி வாசலுக்கு வந்தாள். மரத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ரோஜா பெருசா இருக்கு."

"ரோஜா முடிஞ்சு போச்சு. இது வழியில ஆபீஸ்ல குடுத்தாங்க. மெர்டேக்கா மரம்."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"மெர்டேக்கா வேலைக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன."

"எல்லாருக்கும் குடுத்தாங்களா?"

"எல்லாருக்கும்தான்," என்றார் ராஜரத்தினம். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். "ஆளுக்கு ஒண்ணு. வீட்ல வச்சு வளக்கணும்னு உத்தரவு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் விஜயா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கணவன் தியாகு, ராஜரத்தினத்தின் ஆபீஸிலேயே மீட்டர் எழுதுபவன்.

மாலையில் தியாகு வந்தான். "அண்ணே, எனக்கு மரம் எங்கண்ணே?"

"உனக்கு நாளைக்கு."

"ஏன் எனக்கு மட்டும் நாளைக்கு? விஜயா கேக்குறா, உங்களுக்கு ஆபீஸ்ல மரியாதையே இல்லையான்னு."

மறுநாள் விடிந்ததும் ராஜரத்தினம் புக்கிட் பாருவில் ஒரு சீனரின் நாற்றுத் தோட்டத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய், ஒரு மாங்கன்று வாங்கி வந்து தியாகு வீட்டில் வைத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தார். தியாகு அதை ஆபீஸில் பெருமையாகச் சொன்னான். மத்தியானத்துக்குள் தண்ணீர் இலாகா முழுவதும், அதற்கு மறுநாள் சாலை இலாகாவும், ராஜரத்தினத்தின் மேசையைச் சுற்றி நின்றன. அவர் சைக்கிளின் இரு பக்கமும் கூடை கட்டிக்கொண்டு தினமும் புக்கிட் பாருவுக்குப் போய் வந்தார்.

பெரிய கிராணி கலியாணசுந்தரம் கூப்பிட்டனுப்பினார்.

"யாரு உத்தரவுல மரம் குடுக்கிறீங்க?"

ராஜரத்தினம் வாயைத் திறப்பதற்குள் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு ஏன் வரல?" என்றார்.

அவருக்கு ஒரு ரம்புத்தான் கன்று போயிற்று. அதை அவர் வாசலில் நட்டபோது அந்தப் பக்கம் காரில் போன டவுன் ஆபீஸின் வெள்ளைக்காரத் தலைவர் இறங்கிப் பார்த்தார். சுதந்திரத்துக்கு வீட்டுக்கு ஒரு மரம் என்ற யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. யார் யோசனை என்று கேட்டார். "என்னுடையது," என்றார் கலியாணசுந்தரம். மறுநாளே அது ஆபீஸின் திட்டமாகிவிட்டது, மேற்பார்வை ராஜரத்தினம். ஒரு பொய், உத்தியோகபூர்வமாகவே உண்மையானதைப் பார்த்து ராஜரத்தினம் தலையைப் பிடித்துக்கொண்டார். ஊர்க்கோடியில் இருக்கும் செமாபோக்கிலிருந்துகூட ஆட்கள் மரம் கேட்டு வந்தார்கள்.

எவ்வளவு வேலை இருந்தாலும் மாலையில் ஒலிவ இலை பறித்து, கஷாயம் வைத்துச் சந்திரமதிக்குக் கொடுப்பது மட்டும் தவறவில்லை. "மெர்டேக்கா மரத்து இலை. உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க," என்றார்.

கஷாயம் கைத்தது. ஒவ்வொரு தடவையும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் குடித்தாள். குடித்து முடித்த பிறகும் கையை உடனே விடமாட்டாள்.

"ரொம்பக் கசக்குதா?"

"நீங்க வச்ச சட்னிய விட இல்ல."

இதையும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விஜயா கேட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸில் தியாகுவைக் காணோம். கக்கூஸில் இருக்கிறான் என்றார்கள். வெகு நேரமாக இருக்கிறான் என்றார்கள். அவன் வெளியே வந்ததும் சாலை இலாகாவில் ஒருவர் உள்ளே ஓடினார். அவருக்குப் பின்னால் மூவர் வரிசையில் நின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் கலியாணசுந்தரமும் தம் கௌரவத்தை விட்டு அந்த வரிசைக்கு வந்தார்.

இத்தனை பேருக்கு ஒரே நாளில் வயிறு கெட்டால் காரணம் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பேச்சு ஆபீஸைத் தாண்டிப் போயிற்று. கடைத்தெருவில் ஜனங்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க யோசித்தார்கள். மெர்டேக்கா விழாவுக்குச் சர்பத் போடுகிறவர்கள், தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்று எழுதித் தரச் சொல்லி, தண்ணீர் இலாகாவுக்கே வந்துவிட்டார்கள்.

ராஜரத்தினம் தியாகுவைத் தனியாகக் கூப்பிட்டார். "நேத்து என்னத்தடா குடிச்ச?"

"மர இலைதாண்ணே. நீங்க அண்ணிக்கு வச்சுக் குடுக்கிறீங்களாமே. மெர்டேக்கா மரத்து இலை நல்லதுன்னு விஜயா வச்சுக் குடுத்தா. நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அது மாங்கன்னுடா."

"எல்லாம் மெர்டேக்கா மரந்தானேண்ணே."

வேறு வழியில்லை. ராஜரத்தினம் கலியாணசுந்தரத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், தண்ணில ஒண்ணும் இல்ல. இலைதான். எல்லா மரத்து இலையும் குடிக்கிறதுக்கு இல்ல சார்."

"அப்ப உம்ம மரத்துல மட்டும் என்னய்யா விசேஷம்?"

ராஜரத்தினம் பதில் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் சொன்னது, கானா, காதுக் குப்பி, துரை வீட்டுத் தொட்டி எல்லாம் வந்தன. ஆனால் எதற்காக என்று சொல்ல வேண்டிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. அந்த நோயின் பெயரை அவர் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இரண்டு தடவை முயன்று, மூன்றாம் தடவை சொன்னார். சொன்ன பிறகு மேசைமேலிருந்த மையொற்றும் தாளை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கலியாணசுந்தரம் வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்து ராஜரத்தினத்தின் தோளில் வைத்தார்.

"வீட்ல அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். ஒரு வார்த்தை விடல."

"இவ்வளவு நாளா ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எப்படியய்யா மறைச்சீரு?"

"கஷ்டம்தான் சார்," என்றார் ராஜரத்தினம். கண்ணீரோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கலியாணசுந்தரம் தம் கைப்பட ஓர் அறிவிப்பு எழுதி வாசலில் ஒட்டச் செய்தார். அரசாங்கம் கொடுத்த மரங்கள் நிழலுக்கும் கனிக்கும் மட்டுமே. இலைகளைக் குடிப்பது சுதந்திரத்தின் நோக்கம் அல்ல. அதோடு, ஆபரேஷன் நாளுக்கு ராஜரத்தினத்துக்கு லீவும் போட்டுக் கொடுத்தார்.

மெர்டேக்கா அன்று சந்திரமதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். புடவை சற்றுத் தளர்வாகத் தொங்கியது. கொசுவத்தை அவள் இன்னொரு மடிப்பு மடித்துச் செருகிக்கொண்டாள். இருவரும் சாலையோரத்தில் நின்று ஊர்வலம் பார்த்தார்கள். வழியெங்கும் வீட்டு வாசல்களில் ராஜரத்தினம் சைக்கிளில் சுமந்த கன்றுகள் நின்றன. "எல்லாம் உங்க மரம்," என்று அவள் அவர் காதில் சொன்னாள். அவர்கள் வீட்டு மரம் மட்டும் மொட்டையாக நின்றது. அதில் கடைசியாக இருந்த இலைகளும் முந்தின நாளே கஷாயமாகிவிட்டிருந்தன.

ஆபரேஷன் காலையில் அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். ராஜரத்தினம் கூடவே நடந்தார். கதவு வரைதான் அவருக்கு அனுமதி.

"சந்திரா, உனக்குத் தெரியாம ஒண்ணு..."

"வந்து கேட்டுக்கிறேன்," என்றாள் சந்திரமதி. "பொத்தானச் சரியாப் போடுங்க. நாலு பேரு வர்ற இடம்."

கதவு மூடியது. அவர் கீழே பார்த்தார். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறித்தான் போயிருந்தன. அதைச் சரிசெய்த பிறகு அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. தேட ஒரு காய் இல்லை, சுட ஒரு தோசை இல்லை, கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கன்று இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை வாரமாக எங்கோ ஒதுங்கி நின்ற பயம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் மாணிக்கவாசகத்தோடு வேலை பார்க்கும் நர்ஸ் மல்லிகா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு தடவை, தேவையே இல்லாமல், "இந்தக் கட்டுத்துணியெல்லாம் கொஞ்சம் மடிச்சுக் குடுங்கய்யா," என்று ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் மடித்துக்கொண்டே இருந்தார்.

வெயில் ஏறிய பிறகு டாக்டர் மாணிக்கவாசகம் வெளியே வந்தார். முகம் களைத்திருந்தது.

"கட்டியை முழுசா எடுத்தாச்சு. வேறை இடத்துக்குப் பரவினதாத் தெரியேல்லை. இனி அடிக்கடி வந்து காட்ட வேணும். பயப்படாதேயுங்கோ."

ராஜரத்தினம் கும்பிட்டார். கும்பிட்ட கைக்குள் கட்டுத்துணி இருந்தது.

"ஒலிவ இலைதானா, டாக்டர்?"

"கத்தி எண்டுதான் நான் சொல்லுவன்," என்றார் டாக்டர். பிறகு அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவர்போல, "இலையைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாததை இல்லையெண்டு சொல்லவும் மாட்டன்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தபடி போனார்.

சந்திரமதி மயக்கத்தில் படுத்திருந்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ராஜரத்தினம் ஒதுக்கிவிட்டார். அவளுடைய மூச்சு சீராக வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் மல்லிகாதான் மருந்துப் பாட்டிலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸி, ஒரு உதவி. கண்ணு முழிச்சதும் இது இன்ன வியாதின்னு இவகிட்ட யாரும் சொல்லிடாதீங்க. இத்தனை நாளும் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். எண்ணெய் எதுக்கு, இலை எதுக்குன்னு இந்த நிமிஷம் வரைக்கும் இவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டா."

மல்லிகா பாட்டிலை மாட்டிவிட்டு, படுத்திருந்தவளையும் நின்றிருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கு முந்தின நாளே தனியா வந்து முடிவக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டது அவங்கதான், 'சும்மா உக்காந்தா எங்க வீட்டுக்காரரு ஒடைஞ்சு போயிடுவாரு, அவரு தேடி அலையறதுக்கு ஏதாவது ஒரு மருந்தச் சொல்லி விடுங்க டாக்டர்'னு கேட்டதும் அவங்கதான்."